மலை மண்ணைக் கையில் பிசைந்தும் போத்தலில் போட்டும் பார்ப்போம்



"ஒரே உரம், ஒரே மருந்து, ஒரே மாசத்துலதான் கவ்வாத்து வெட்டினோம். அஞ்சாம் நம்பர் மலையில கொழுந்து ஏறுது, ஒட்டினாப்போல இருக்கிற ஆறாம் நம்பர்ல ஏறல்ல. இது என்னாங்க?"

தோட்டங்களில் கூட்டம் வைக்கிற இடங்களில் இந்தக் கேள்வி ஏதாவது ஒரு வடிவத்தில் வந்துவிடுகிறது. கேட்பவர்களுக்கு இது வெறும் அறிவு சம்பந்தமான விசயம் அல்ல. கொழுந்து ஏறாத மலையில் நிரை பிடித்தால் கிலோ குறையும். கிலோ குறைந்தால் அரைப் பேர்தான் விழும். ஆகவே மலையிலுள்ள மண்ணுக்கும் மாதக் கடைசியில் கைக்கு வரும் காசுக்கும் நேரடியான தொடர்பு உண்டு.

செடியின் வயது, நோய், நிழல் மரம் என்று காரணங்கள் பல இருக்கலாம். ஆனால் உரம் போட்டும் மலை எழும்பவில்லை என்றால் முதலில் மண்ணைக் குனிந்து பார்க்க வேண்டும். மண்ணில் என்ன சத்து இருக்கிறது என்று கேட்கிறோமே தவிர, மண் எப்படி இருக்கிறது என்று கேட்பதில்லை. இந்த இதழில் அதைத்தான் பார்க்கப் போகிறோம். பள்ளிக்கூடப் புத்தகத்தில் இதற்கு இரண்டு சொற்கள் உண்டு. ஒன்று மண்ணின் இழையமைப்பு, மற்றது மண்ணின் கட்டமைப்பு. இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் வேறு வேறானவை.

மாவும் புட்டும் ரொட்டியும்

சமையல் அறையில் வைத்தே இதை விளங்கிக்கொள்ளலாம். நம் வீடுகளில் கோதுமை மா இல்லாத நாள் கிடையாது. அந்த மாவை எடுத்து, கொஞ்சம் தண்ணீர் தெளித்து, விரலால் உதிர்த்து ஆவியில் வைத்தால் புட்டு. அதே மாவை நிறையத் தண்ணீர் விட்டு இறுக்கிப் பிசைந்து தட்டினால் ரொட்டி. மா ஒன்றுதான். புட்டுக்குள்ளே ஆவி ஏறி இறங்கும். ரொட்டிக்குள்ளே ஊசி குத்தினால்தான் காற்றுப் போகும்.

மா நைஸாக அரைத்ததா, குறுணலாக அரைத்ததா என்பதுதான் இழையமைப்பு. அது ஆலையிலேயே முடிவாகிவிட்டது, நாம் மாற்ற ஏலாது. அதைப் புட்டாக உதிர்த்து வைத்திருக்கிறோமா, ரொட்டியாக இறுக்கி வைத்திருக்கிறோமா என்பது கட்டமைப்பு. அது நம் கையில், நம் காலில், நம் மம்பட்டியில் இருக்கிறது. மலை மண் புட்டுப்போல இருந்தால் மழைத் தண்ணீர் இறங்கும், வேர் ஓடும், காற்றுப் போகும். ரொட்டிபோல இறுகிவிட்டால் எந்த மூட்டையைப் பிரித்துக் கொட்டினாலும் அடுத்த மழையில் அது கானுக்குத்தான் போகும்.

கொழும்பிலும் மூன்று மண்

மண் என்றால் மலைநாட்டுக்கு மட்டும் உரியதென்று நினைக்கக்கூடாது. நம் பிள்ளைகள் பலர் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கடைகளில் வேலை செய்கிறார்கள். வெள்ளவத்தைக் கடற்கரையில் கால் வைத்தால் விரலுக்கு இடையில் மணல் உதிரும். அங்கே தண்ணீர் ஊற்றினால் ஊற்றிய இடம் தெரியாது. சிங்களத்தில் மணலுக்குள்ள சொல்லே அந்த ஊரின் பெயரில் நிற்கிறது. அங்கிருந்து காலி வீதியைத் தாண்டி உள்ளே களுபோவிலப் பக்கம் வாருங்கள். தெற்குக் கொழும்பு ஆஸ்பத்திரி இருக்கிற இந்தப் பக்கத்து மேட்டு நிலத்தில் வீடு கட்ட அத்திவாரம் வெட்டினால் செம்மண்ணும் அதன் கீழே கபூக் கல்லும் வரும். இன்னும் கொஞ்சம் உள்ளே போனால் பெல்லன்வில, அத்திடியச் சதுப்பு. அங்கே மண் கருப்பு. பாதி மக்கிய இலையும் வேருமாகத் தண்ணீருக்குள் ஊறிக் கிடக்கும்.

சில மைல் தூரத்துக்குள் இப்படி மூன்று வகை. முதலாவதில் தண்ணீர் நிற்காது. மூன்றாவதில் தண்ணீர் போகாது. நடுவில் உள்ள செம்மண்தான் நம் மலை மண்ணுக்கு உறவுக்காரன். பல்லாயிரம் வருட மழையும் வெயிலும் சேர்ந்து கல்லை உக்க வைத்து, கரையக்கூடிய சத்தையெல்லாம் கழுவிக்கொண்டுபோய், இரும்பையும் அலுமினியத்தையும் மட்டும் மிச்சம் வைத்த மண் அது. மண்ணின் சிவப்பும் மஞ்சளும் அந்த இரும்பின் துருதான். கபூக்கை வெட்டும்போது கத்திக்கு இணங்கும். வெளியே எடுத்துக் காயவிட்டால் கல்லாகிவிடும். கேரளப் பக்கத்தில் பிரான்சிஸ் புக்கானன் என்ற வெள்ளைக்காரர் இதைப் பார்த்துத்தான் 1807ஆம் ஆண்டு லற்றரைற் என்று பெயர் வைத்தார். நம் ஊர் மேசன்மாருக்கு அது அதற்கு முன்பே தெரிந்த சங்கதி.

மணல், அடையல், களி

எந்த மண்ணிலும் மூன்று அளவுத் துகள்கள் கலந்திருக்கும். இரண்டு மில்லிமீற்றருக்குக் கீழே, கண்ணுக்குத் தெரிந்து கைக்கு நறநறவென்று படுவது மணல். அதைவிடச் சின்னது, காய்ந்தால் முகத்துக்குப் போடும் பவுடர் மாதிரி வழவழப்பது அடையல். எல்லாவற்றிலும் சின்னது களி. ஒரு மில்லிமீற்றரை ஐந்நூறு பங்காக்கினால் வரும் ஒரு பங்கைவிடவும் களித் துகள் சிறியது. சாதாரணக் கண்ணாடி வைத்தும் பார்க்க முடியாது. ஈரத்தில் கையோடு ஒட்டும். வண்டிச் சில்லில் ஏறிக்கொண்டு இறங்காமல் வருவது இதுதான்.

தண்ணீரையும் சத்தையும் பிடித்து வைப்பது பெரும்பாலும் களியின் வேலை. காற்றும் வடிகாலும் மணலின் உபகாரம். இரண்டும் அளவோடு கலந்து அடையலும் சேர்ந்திருந்தால் அதை இருவாட்டி மண் என்கிறோம். தேயிலைக்கு அதுதான் விருப்பம்.

இதைக் கையில் பார்ப்பது சுலபம். மேல் குப்பையை ஒதுக்கிவிட்டு ஒரு சாண் ஆழத்தில் ஒரு பிடி மண் எடுங்கள். கல், வேரைப் பொறுக்கிவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு ரொட்டி மாப் பதத்துக்குப் பிசையுங்கள். பிறகு பெருவிரலுக்கும் சுட்டு விரலுக்கும் நடுவில் வைத்து நாடாப்போல வெளியே தள்ளுங்கள். நாடாவே வராமல் உதிர்ந்தால் மணல். ஓர் அங்குலம் வருமுன் ஒடிந்தால் இருவாட்டி. ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் ஒடிந்தால் களி இருவாட்டி. இரண்டு அங்குலத்தைத் தாண்டியும் தொங்கினால் களிமண்.

இன்னும் சரியாகப் பார்க்க ஒரு ஜாம் போத்தல் போதும். மூன்றில் ஒரு பங்கு மண், அரைத் தேக்கரண்டி சவர்க்காரத் தூள், கழுத்து மட்டத்துக்குத் தண்ணீர். மூடியை இறுக்கி ஐந்து நிமிடம் நன்றாகக் குலுக்கி ஜன்னல் ஓரத்தில் வையுங்கள். ஒரு நிமிடத்தில் அடியில் படிந்தது மணல், அதில் பேனையால் ஒரு கோடு. இரண்டு மணித்தியாலத்தில் அதன் மேல் படிந்தது அடையல், இரண்டாவது கோடு. மறுநாள் காலையில் அதற்கும் மேலே படிந்திருப்பது களி. மேலே மிதக்கும் கருப்புத் துணுக்குகள் உக்கல். அடி மட்டத்தால் அளந்து பார்த்து, மொத்தம் பத்துச் சென்ரிமீற்றரில் மணல் ஐந்து, அடையல் இரண்டு, களி மூன்று என்று வந்தால் அது மணற் களி இருவாட்டி, நல்ல மண். பிள்ளைகளை வைத்துச் செய்யுங்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் இந்தக் கணக்கு வரும்.

ஒரு விசயம் மட்டும் எச்சரிக்கை. நம் மலை மண் இந்தச் சோதனைகளில் கொஞ்சம் ஏமாற்றும். இரும்பு கலந்த களி, தனித்தனியாகப் பிரியாமல் மிகச் சிறிய உருண்டைகளாக ஒட்டிக்கொண்டிருக்கும். போத்தலில் அது களியாகப் படியாமல் அடையலோடும் மணலோடும் சேர்ந்து இறங்கிவிடும். கையில் பிசையும்போதும் முதலில் மணல்போல இருந்து, பிசையப் பிசையப் பசையாகும். ஆகவே அவசரப்படாமல் பல நிமிடம் பிசைந்த பிறகுதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

இந்தச் சின்ன உருண்டைகளால்தான் நம் மலைகளுக்கு ஒரு பெரிய அதிர்ஷ்டம். களி அதிகமாக இருந்தும் தண்ணீர் தேங்காமல் இறங்குகிறது. ஆனால் கூடவே ஒரு துரதிர்ஷ்டமும் உண்டு. இந்த வகைக் களி சத்தைப் பிடித்து வைப்பதில் சோம்பேறி. வன்னியிலும் மன்னாரிலும் உள்ள கருங்களி பிடித்து வைக்கும் அளவில் சிறு பங்கைத்தான் இது பிடிக்கும். மீதி வேலையை யார் செய்கிறார் என்றால், உக்கிப்போன இலையும் வேரும்தான். மலை மண்ணில் உக்கல் போனால் சத்தைத் தாங்கும் கையும் போகிறது, உருண்டைகளை ஒட்டி வைக்கும் பசையும் போகிறது.

தண்ணீர்க் கிளாசில் ஒரு கட்டி

கட்டமைப்பைப் பார்க்க இன்னும் சுலபமான வழி இருக்கிறது. இரண்டு கண்ணாடிக் கிளாசில் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மண்கட்டி காட்டோரத்திலிருந்தோ, வாழையடியிலிருந்தோ. இன்னொன்று எல்லோரும் நடக்கிற குறுக்குப் பாதை ஓரத்து மொட்டைத் தரையிலிருந்து. இரண்டும் நெல்லிக்காய் அளவு, நன்றாகக் காய்ந்தவை. மெதுவாகத் தண்ணீரில் விடுங்கள்.

காட்டு மண் கட்டி சில குமிழிகளை விட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்திருக்கும். மொட்டைத் தரைக் கட்டி கொஞ்ச நேரத்தில் கரைந்து, கிளாசே பால் தேத்தண்ணி மாதிரி கலங்கும். மழை நாளில் கானில் ஓடுகிறதே, அதே நிறம். இந்தக் கிளாசில் நீங்கள் பார்த்ததுதான் மலையில் மழை விழும்போதும் நடக்கிறது. துளி விழுந்து உருண்டையை உடைக்கிறது. உடைந்து வந்த நைஸ் மண் துளைகளை அடைக்கிறது. அடைத்ததும் தண்ணீர் இறங்காமல் மேலால் ஓடத் தொடங்குகிறது. ஓடும்போது இன்னும் மண்ணை எடுத்துக்கொண்டு போகிறது. வெயில் அடித்ததும் மேலே ஒரு பொருக்கு. அதன்மேல் கொட்டிய யூரியாவுக்குக் கானைத் தவிர வேறு வழி என்ன?

அது எங்கே போகிறது என்பதற்கு ரந்தம்பை நீர்த்தேக்கம் சாட்சி. 1990ஆம் ஆண்டு வேலை தொடங்கிய அணை அது. உமா ஓயா அடித்துக்கொண்டு வந்த மண் அதன் கொள்ளளவைப் பெருமளவு தின்றுவிட்டது. அந்தச் சேறு ஒரு காலத்தில் ஊவா மலைகளில் மரக்கறியும் தேயிலையும் நின்ற மேல்மண்.

மண் எப்படி இந்த நிலைக்கு வந்தது

1867ஆம் ஆண்டு ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை போட்டார் என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. அதற்கு முன்னே அந்த மலைகளில் கோப்பி இருந்தது. கோப்பிக்காகப் பெருங்காட்டை வெட்டி எரித்தார்கள். பிறகு 1869இல் இலைத்துரு நோய் வந்து கோப்பி அழிந்தது. ஆக, தேயிலைக்குக் கிடைத்ததே ஏற்கனவே ஒரு தரம் கழுவப்பட்ட மண். அதற்குப் பிறகும் ஒரு புல் தெரியக்கூடாது என்பதுதான் துரைமாரின் சட்டம். நம் பாட்டன்மாரும் அப்பாயிமாரும் சுரண்டியை எடுத்து மலையை வீட்டு முற்றம்போலச் சுரண்டினார்கள். சுரண்டச் சொன்னார்கள், சுரண்டினார்கள். சுத்தமான மலை நல்ல மலை என்பது அன்றைய நம்பிக்கை. புல்லோடு சேர்ந்து வருடா வருடம் மண்ணும் போனது யார் கணக்கிலும் எழுதப்படவில்லை. 1951இல்தான் இலங்கையில் மண் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

இன்றைக்கும் அந்தப் பழக்கத்தின் மிச்சம் இருக்கிறது. புல்லு வெட்டும்போது வேரோடு சுரண்டாமல் தரைக்குமேல் வெட்டிப் போட்டால் போதும். வெட்டிய புல்லைத் தூருக்கு அடியிலேயே விடலாம். படர்ந்து ஓடி வேர்விடும் கெட்ட களையை மட்டும் பிடுங்கி எடுக்க வேண்டும். பூவும் விதையும் வருமுன் வெட்ட வேண்டும் என்பதையும் மறக்கக்கூடாது.

கவ்வாத்துக் காலமே ஆபத்துக் காலம்

வயதுக்கு வந்த தேயிலை குடைபோல மண்ணை மூடி நிற்கும். கவ்வாத்து வெட்டியதும் அந்தக் குடை போய்விடுகிறது. மூன்று, நான்கு வருடத்துக்கு ஒருமுறை மலை மொட்டையாகும் சில மாதங்களில் பெருமழை பிடித்தால் இழப்பு அதிகம். ஆகவே வெட்டிய இலையும் மெல்லிய குச்சியும் மலையிலேயே பரவிக் கிடக்க வேண்டும் என்று தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் உட்பட எல்லோரும் சொல்கிறார்கள்.

சொல்வது சுலபம். லயத்தில் அடுப்பு எரிய வேண்டுமே? காஸ் சிலிண்டர் விலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கவ்வாத்துக் குச்சியை எடுக்காதே என்று தொழிலாளியிடம் சொல்லிவிட்டுப் போவது நியாயம் அல்ல. நடைமுறைக்கு ஏற்றது இதுதான்: பெருவிரல் பருமனுக்கு மேலான குச்சியை விறகுக்கு எடுங்கள். இலையையும் சிறு குச்சியையும் மலையிலேயே உதறிவிட்டு வாருங்கள். சத்தில் பெரும் பங்கு இலையிலும் இளங்குச்சியிலும்தான் இருக்கிறது. நிழல் மரக் கிளை வெட்டும்போது கிடைக்கும் கட்டையை நிர்வாகம் விறகுக்கு ஒழுங்காகப் பங்கிட்டுக் கொடுத்தால் கவ்வாத்துக் குச்சிக்கு யாரும் போட்டி போடமாட்டார்கள்.

கவ்வாத்து முடிந்ததும் முள்ளுக் குத்துவதும் மண்ணின் கட்டமைப்புக்கான வேலைதான். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. முள்ளை நேராக இறக்கி, பிடியைப் பின்னுக்குச் சாய்த்து மண்ணைக் கொஞ்சம் தூக்கி, அப்படியே விட்டு எடுக்க வேண்டும். மண்ணைப் புரட்டிப் போடக்கூடாது. புரட்டினால் வேர் அறும், ஈரம் போகும், அடுத்த மழையில் புரட்டிய மண்ணும் போகும். முள்ளில் மண் ஒட்டிக்கொண்டு வரும் அளவுக்கு ஈரமான நாளில் இந்த வேலையே செய்யக்கூடாது. ஈர மண்ணை அழுத்தினால் ரொட்டிதான். "இன்னைக்கு ஈரம் ஜாஸ்திங்க கங்காணி ஐயா, நாளைக்குக் குத்துவோமா?" என்று கேட்பது வேலைக்கு மறுப்புச் சொல்வதாகாது. அதே காரணத்தால் மழை நாளில் கொழுந்து எடுக்கும்போது ஒரே தடத்தில் நடப்பது நல்லது. எல்லா நிரைக்கு இடையிலும் மிதித்தால் மலை முழுக்க இறுகும். ஒரு தடம் இறுகினால் ஒரு தடம்தான்.

அமில விசயமும் ஒரு சொல். தேயிலைக்கு பீ.எச் அளவு 4.5இலிருந்து 5.5 வரை இருந்தால் பிடிக்கும். தழைச்சத்து உரம் வருடக்கணக்கில் போடும்போது அது இன்னும் கீழே இறங்கும். அதனால்தான் கவ்வாத்தோடு டொலமைற் போடுகிறார்கள். அளவை மண் பரிசோதித்துத்தான் சொல்ல முடியும்.

இரண்டு வருடம் புல்லுக்கு

பழைய தேயிலையைப் பிடுங்கிவிட்டு மறுபடி நடும் மலைகளில் நடுவே பதினெட்டு மாதத்திலிருந்து இருபத்துநான்கு மாதம் வரை மானாப் புல் அல்லது கௌதமாலாப் புல் போட வேண்டும் என்பது ஆராய்ச்சி நிறுவனத்தின் நெடுநாளைய சிபாரிசு. புல்லின் வேர் மயிர்க்கற்றைபோல மண்ணுக்குள் ஓடி, இறுகிய மண்ணை உருண்டை உருண்டையாகப் பிரிக்கும். வெட்டி வெட்டிப் போடும் புல் மேலே மூடாக்காகும். வயதான அம்மாயிமார் இதை ஒரே வாக்கியத்தில் சொல்வார்கள்: "மானா போட்ட மலையில கால வெச்சா மெத்த மாதிரி இருக்கும்டா பேராண்டி."

இரண்டு வருடம் வருமானம் இல்லாமல் மலையை வைத்திருக்க மனம் வராமல் இந்தக் கட்டத்தைச் சுருக்கும் தோட்டங்கள் உண்டு. அப்படி நட்ட கன்று வறட்சியில் வாடும்போது கன்றைக் குறை சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது மிச்சம் பிடிப்பது அல்ல.

சில தோட்டங்களில் இப்போது தேயிலைத் துண்டுகளைக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்து வருமானத்தில் பங்கு தரும் முறை வந்திருக்கிறது. அப்படிப் பொறுப்பெடுக்கிறவர்கள் கையெழுத்து வைக்கும் முன் எத்தனை வருடத்துக்கு என்று கேளுங்கள். மண்ணுக்குச் செய்யும் செலவு மூன்றாம், நாலாம் வருடத்தில்தான் திரும்பி வரும். ஒரு வருட ஒப்பந்தத்தில் யாரும் மானா நடமாட்டார்கள், கான் வெட்டமாட்டார்கள். நடக்கூடிய காலத்தைத் தாருங்கள் என்று கேட்பது உங்கள் உரிமை. துண்டை ஏற்கும் முன் மேலே சொன்ன கிளாஸ் சோதனையைச் செய்து பார்ப்பதிலும் தவறில்லை.

2021ஐயும் இங்கே சொல்லத்தான் வேண்டும். அந்த வருடம் மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை அரசாங்கம் ஒரேயடியாக நிறுத்தியது. நவம்பரில் அந்தத் தடையை விலக்கிக்கொண்டது. இடைப்பட்ட மாதங்களில் தோட்டங்களில் நடந்தது உங்களுக்குத் தெரியும். சேதனப் பசளை கெட்டது என்று அதற்கு அர்த்தம் எடுக்கக்கூடாது. கூட்டெரு மண்ணுக்கு வீடு கட்டிக் கொடுக்கிறது, உரம் செடிக்குச் சோறு போடுகிறது. வருடக்கணக்கில் செய்ய வேண்டிய வேலையை ஒரு வர்த்தமானியில் செய்ய ஏலாது, அவ்வளவுதான்.

லயத்துத் தோட்டத்துக்கு

லயத்துக்குப் பக்கத்துத் துண்டில் லீக்ஸ், கரட், கோவா போடுகிறவர்களுக்குச் சில சொற்கள். மரக்கறிக்கு தேயிலை அளவு புளிப்பு மண் ஆகாது, பீ.எச் ஆறுக்குக் கிட்ட இருந்தால் நல்லது. அடுப்புச் சாம்பல் புளிப்பைக் குறைக்கும். ஆகவே அதை மரக்கறிப் பாத்திக்கு அளவாகப் போடலாம், தேயிலைத் தூருக்குக் கொட்டக்கூடாது. கரட் இரண்டாகப் பிரிந்தும் முறுக்கியும் வந்தால் பெரும்பாலும் அது விதையின் குற்றம் அல்ல, கீழே மண் இறுகி இருக்கிறது அல்லது கல் இருக்கிறது. பாத்தியை மேலிருந்து கீழாகப் போடாமல் மலைக்குக் குறுக்காகப் போடுங்கள். மாட்டெருவும் உக்கிய இலையும் களிமண்ணுக்கும் நல்லது, மணலுக்கும் நல்லது. களிமண்ணைத் திருத்தலாம் என்று ஆற்று மணல் கொண்டுவந்து கொட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். கொஞ்ச மணல் களியோடு சேர்ந்தால் சாந்துபோல இறுகிவிடும். அந்தக் காசுக்கு எரு வாங்கலாம்.

தண்ணீர் உள்ளே போகலாமா, கூடாதா?

இதுவரை படித்தவர்கள் ஒரு கேள்வி கேட்கக்கூடும். "மண்ணுக்குள்ள தண்ணி எறங்கணும்னு சொல்றீங்க. அப்புறம் மண்சரிவு வந்தா தண்ணி உள்ள எறங்கினதாலதான்னு சொல்றீங்க. எது சரி?"

நியாயமான கேள்வி. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியதை நாம் மறக்க முடியாது. அது ஆபத்தான இடம் என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005லும் 2011லும் சொல்லியிருந்தது. சொன்னது மக்கள் வேறு இடத்துக்குப் போகும் அளவுக்கு நடவடிக்கையாக மாறவில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களில் பல மலைகள் சரிந்தன.

எல்லா மலையும் ஒன்றல்ல. கல்லுக்கு மேலே அதே இடத்தில் உக்கி உண்டான மண்ணில் தண்ணீர் மெதுவாக இறங்கி ஊற்றாக வெளியே வரும். ஆனால் உயர்ந்த பாறைச் சுவருக்குக் கீழே, எப்போதோ மேலிருந்து சரிந்து வந்த கல்லும் மண்ணும் தடிப்பாகக் குவிந்து கிடக்கும் இடங்கள் உண்டு. அங்கே மண் தளர்வானது. அடியில் வழுக்கும் களிப் படையோ பாறையோ இருக்கும். தண்ணீர் இறங்கி அந்தப் படைக்கு மேலே தேங்கினால், தேங்கிய தண்ணீர் மண்ணைக் கீழிருந்து தூக்கிப் பிடிக்கிறது. பிடிமானம் விடுகிறது. அப்படிப்பட்ட மலைக்கு மேலே கான்கள் அடைபட்டுக் கிடப்பதுதான் பெரிய ஆபத்து. கானைச் சுத்தமாக வைத்து, தண்ணீரைப் பக்கவாட்டில் எடுத்து, கல் பதித்த பெருங்கானால் இறக்கிவிட வேண்டும். சாதாரண மலையில் கானில் இடையிடையே தடுப்பு விட்டு, சேறு படியக் குழி வைத்து, படிந்த மண்ணை மேல்பக்கத்துத் தூருக்கே அள்ளிப்போட வேண்டும். எது எந்த மலை என்று தீர்மானிப்பது தொழிலாளியின் வேலை அல்ல. அதற்கு அந்த நிறுவனத்தின் மாவட்ட அலுவலர்கள் இருக்கிறார்கள். தோட்ட நிர்வாகம் மூலமாகவோ கிராம உத்தியோகத்தர் மூலமாகவோ எழுத்தில் கேட்டால் வந்து பார்ப்பார்கள். கேட்டதன் பிரதி ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

நிலத்தில் வில்போல வளைந்த வெடிப்பு, சுவரில் புதிய வெடிப்பு, திடீரென்று இறுகிப்போன கதவு, சாய்ந்துவரும் மரம், இல்லாத இடத்தில் ஊற்று, இருந்த ஊற்று நிற்பது அல்லது கலங்கி வருவது, இவை மலை அசைகிறது என்பதற்கு அடையாளங்கள். அன்றைக்கு வேலைக்கும் போகாமல், வீட்டிலும் இராமல் வெளியேறிவிட்டு 117க்குத் தொலைபேசி எடுங்கள். அது அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம்.

மழையின் அளவும் முக்கியம். இருபத்துநான்கு மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பு, 100ஐத் தாண்டினால் எச்சரிக்கை, 150ஐத் தாண்டினால் அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தால் வெளியேற்றம். இதுதான் அந்த நிறுவனம் வைத்திருக்கும் கணக்கு. இதை அளக்கப் பெரிய கருவி தேவையில்லை. வாயும் அடியும் ஒரே அகலமாக, நேராக உள்ள ஒரு போத்தலோ டின்னோ எடுத்து, மரமும் கூரையும் மறைக்காத திறந்த இடத்தில் நேராக நிறுத்தி வையுங்கள். அடிமட்டத்தால் ஏழரை, பத்து, பதினைந்து சென்ரிமீற்றரில் சிவப்பு பெயின்ற்றால் மூன்று கோடு போடுங்கள். காலையில் ஒரே நேரத்தில் பார்த்துக் கொட்டிவிட வேண்டும். அடைமழை நாளில் இரவிலும் ஒருவர் முறை வைத்து எழுந்து பார்க்க வேண்டும். ஒரு லயத்துக்கு ஒரு டின் போதும்.